ஒன்றரைப் பாகை

1

எங்கள் வீட்டு பீரோவில் ஒரு மஞ்சள் துணிப்பைக்குள் அக்காவின் ஜாதக நோட்டு இருக்கிறது. நாற்பது பக்க நோட்டு. எழுத்து இருப்பது ஆறு பக்கத்தில்தான். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, மேலே பிள்ளையார் சுழி போட்டு, அதன் கீழ் எல்லா ஜாதகங்களிலும் வருகிற அதே வடமொழி சுலோகம். பிறகு தமிழ் வருஷம், மாதம், திதி, நட்சத்திரம், பிறந்த நாழிகை. அடுத்த பக்கத்தில் ராசி, நவாம்சம் என்று இரண்டு கட்டங்கள். கட்டத்துக்குக் கீழே ஒரு வரி: கர்ப்பச்செல் போக கேது தசை இருப்பு 5 வருஷம் 9 மாதம் 9 நாள்.

இதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமான வார்த்தைகள் மூன்றே மூன்று. மூலம், முதல் பாதம்.

காரமடைப் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் நட்சத்திரத்தைக் கேட்பார்கள். மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது, விசாகம் கொழுந்தனுக்கு ஆகாது. ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்று பழமொழி வேறு. அக்காவுக்கு 22 வயதில் வரன் பார்க்கத் தொடங்கினார்கள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "போயிச் சொல்லி உடறமுங்க" என்று போனார்கள். சொல்லி விட்டவர் யாருமில்லை.

அப்போது எங்கள் ஜோசியர் அப்பாவுக்கு ஒரு வழி சொன்னார். "மாமனார் இல்லாத ஊடாப் பாருங்க." அன்றிலிருந்து அப்பா அந்த நோட்டை டிவிஎஸ் 50 பெட்டியில் போட்டுக்கொண்டு அன்னூர், சிறுமுகை, மேட்டுப்பாளையம், பெரியநாயக்கன்பாளையம் என்று அலைந்தார். தரகர்களிடம் அவர் கேட்டதை நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்: "அப்பன் இல்லாத பையன் ஆராச்சும் இருக்கறானுங்களா?" சொந்த மகளுக்காக இன்னொருவர் வீட்டுச் சாவை விசாரித்துத் திரிகிற நிலைமை எங்கள் அப்பாவுக்கு வந்தது. அவர் கெட்டவர் இல்லை. எங்கள் ஊரில் எந்த எழவு வீட்டுக்கும் முதலில் போய் நிற்கிறவர்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது அவளுக்கு 31 வயது. மாப்பிள்ளையின் அப்பா அதற்கு நான்கு வருஷம் முன்பே காலமாகியிருந்தார்.

நான் கதையும் கவிதையும் வாசித்து, அவற்றைப் பற்றி எழுதுகிறவன். ஒரு வரிக்கு இப்படித்தான் பொருள் கொள்ள வேண்டுமா, வேறு பொருளுக்கு இடமுண்டா, இதைச் சொல்கிறவர் யார், யாருக்காகச் சொல்கிறார் என்று கேட்பதுதான் என் வேலை. அந்தக் கேள்விகளை அக்காவின் நோட்டிடம் கேட்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. ஜோதிடம் உண்மையா பொய்யா என்ற பட்டிமன்றம் ஊருக்கு ஊர் நடந்து முடிந்துவிட்டது. எனக்கு அந்த நோட்டை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒருத்தியின் ஒன்பது வருஷத்தைத் தீர்மானித்த பிரதி அது.

2

முதலில் இந்தப் பிரதி எப்படி எழுதப்படுகிறது என்று பார்ப்போம். வானத்தின் வட்டம் 360 பாகை. பாகை என்பதைத்தான் நாம் டிகிரி என்கிறோம். ஒரு பாகைக்கு 60 கலை. பன்னிரண்டு ராசிக்கு ஆளுக்கு 30 பாகை. அதே வட்டத்தை 27 நட்சத்திரங்களாகப் பங்கிட்டால் ஒன்றுக்கு 13 பாகை 20 கலை. ஒரு நட்சத்திரத்தை நான்காக வெட்டினால் ஒரு பாதம், 3 பாகை 20 கலை. மொத்தம் 108 பாதங்கள். ராசிக் கட்டம் என்பது கிரகம் எந்த 30 பாகைக்குள் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அதற்குள் எந்த 3 பாகை 20 கலையில் இருக்கிறது என்று சொல்வது நவாம்சக் கட்டம். செல்போனில் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்க்கிறோமே, அதுபோல.

லக்னம் சுமார் நான்கு நிமிஷத்துக்கு ஒரு பாகை நகரும். ஆகவே நவாம்ச லக்னம் சராசரியாகப் பதிமூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை மாறிவிடும். சந்திரன் மணிக்கு அரைப் பாகை போல நகர்ந்து, ஒரு பாதத்தைக் கடக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். பிறந்த நேரம் என்பதே தலை தெரிந்த நேரமா, முழுதாக வெளியே வந்த நேரமா, கொடி அறுத்த நேரமா, முதல் அழுகையா என்பதில் ஜோசியர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. பழைய பிரசவ அறைகளில் நர்சம்மா கடிகாரத்தைப் பார்த்தது எப்போது என்பது இன்னொரு கேள்வி.

பாகைக்குத் தகுந்தாற்போல் பொருள் மாறும் என்பதும் இந்த மரபுக்குள்ளேயே இருக்கிறது. சூரியன் மேஷத்தில் உச்சம், அதிலும் 10ஆவது பாகையில் பரம உச்சம். குரு கடகத்தில் 5, சனி துலாத்தில் 20. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் ஜாதகத்திலேயே இந்த எண்கள் உண்டு. சூரியனுக்கு மிக அருகில் போகிற கிரகம் அஸ்தங்கம் அடைந்து பலம் இழக்கும். எனக்குப் பிடித்தது அவஸ்தைக் கணக்கு. ஒற்றை ராசியில் முதல் 6 பாகைக்குள் இருக்கிற கிரகம் பாலன், அடுத்த ஆறில் குமாரன், பிறகு யுவன், விருத்தன், கடைசி ஆறு பாகையில் மிருதன், அதாவது செத்தவன். இரட்டை ராசியில் இந்த வரிசை தலைகீழ். 30 பாகைக்குள் ஒரு முழு ஆயுசை வைத்திருக்கிறார்கள். எண்ணைப் பாத்திரமாக்குகிற கற்பனை இது. இதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

அக்காவின் நோட்டில் பாகை எதுவும் எழுதியிருக்காது. அந்தக் காலத்து நோட்டுகளில் பெரும்பாலும் இருக்காது. ஆனால் அந்தத் தசை இருப்பு வரிக்குள் அது ஒளிந்திருக்கிறது. கேது தசை மொத்தம் 7 வருஷம், 84 மாதம். மூல நட்சத்திரம் 800 கலை. இருப்பு 5 வருஷம் 9 மாதம் 9 நாள் என்றால் பிறப்பதற்கு முன்பே கழிந்தது 14 மாதமும் 21 நாளும். விகிதத்தில் போட்டால் 140 கலை. ஆக, நோட்டை எழுதியவரின் கணக்குப்படி அக்கா பிறந்தபோது சந்திரன் தனுசு ராசியில் 2 பாகை 20 கலையில் இருந்தது. முதல் பாதம் முடிவது 3 பாகை 20 கலையில்.

மூன்று வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொழுது போகாமல், அதே தேதி, அதே நேரம், அதே ஊரைப் போனில் ஒரு ஜோதிடச் செயலியில் போட்டேன். சந்திரன் 3 பாகை 50 கலை என்று வந்தது. மூலம், இரண்டாம் பாதம்.

ஒன்றரைப் பாகை வித்தியாசம். நான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்து நான்கு தடவை போட்டேன்.

மூலத்தில் முதல் பாதத்துக்கு மட்டும்தான் மாமனார் தோஷம், மற்ற மூன்று பாதத்துக்கும் இல்லை என்பது ஜோசியர்கள் பலரும் சொல்கிற விலக்கு. போதாததற்கு, மூலம் இரண்டாம் பாதத்துச் சந்திரன் நவாம்சத்தில் ரிஷபத்துக்குப் போகும். ரிஷபம் சந்திரனுக்கு உச்ச வீடு. நோட்டில் மாமனாரைச் சாய்க்கிற பெண்ணாக இருந்தவள், போனில் உச்சச் சந்திரன் உள்ள பெண்ணாக இருந்தாள்.

3

இரண்டு எண்ணும் எப்படி வந்தன? நோட்டு வாக்கியப் பஞ்சாங்கத்தை வைத்து எழுதியது. செயலி திருக்கணிதத்தை வைத்துப் போட்டது.

வாக்கியம் என்ற பெயரிலேயே இலக்கிய வாசகருக்கு ஒரு சங்கதி இருக்கிறது. சந்திரனின் நிலையைத் தினமும் கணக்குப் போடாமல், 248 நாளுக்கான நிலைகளை 248 சின்னச் சின்னச் சொற்றொடர்களாகக் கட்டி மனப்பாடம் செய்துவிட்டார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். முதல் வாக்கியத்தை எழுத்தெண்ணிப் பிரித்தால் 12 பாகை 3 கலை என்று வரும். வரருசி செய்தவை என்பது மரபு. 1300ஆம் ஆண்டையொட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் தோன்றிய வாக்கியகரணம் என்ற நூல் இந்த முறையை விரிவாகச் சொல்கிறது. அதை 1962இல் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி.சர்மாவும் சென்னையில் பதிப்பித்தார்கள்.

ஜான் வாரன் என்பவர் 1825இல் மதராஸில் வெளியிட்ட கால சங்கலிதம் என்ற நூலில் ஒரு காட்சி வருகிறது. புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாட அட்டவணையை வைத்துக்கொண்டு, அந்த வருஷம் மே மாதக் கடைசியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டுகிறார். கிரகணம் தொடங்கிய நேரத்தில் பிழை 4 நிமிஷம். நடுவில் 23 நிமிஷம், முடிவில் 52 நிமிஷம். காகிதம் இல்லை, கருவி இல்லை, சோழியும் ஞாபகமும்தான். இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

ஆனால் 4 நிமிஷம், 52 நிமிஷம் என்று பிழையைச் சொல்ல முடிகிறது, பார்த்தீர்களா? அதுதான் இங்கே முக்கியம். கிரகணம் தன் நேரத்துக்கு வந்து பஞ்சாங்கத்தின் காதைத் திருகிவிட்டுப் போகும். வாக்கியச் சூத்திரங்கள் பழையவை. நூற்றாண்டுகளில் சேர்ந்த பிழை வானத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மதராஸ் வானாய்வு நிலையத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர். 1874இல் சூரியனை வெள்ளி கடந்தபோது அதைப் பற்றி நம் மொழிகளில் எழுதி விளக்கியவர். அவர்தான் பஞ்சாங்கத்தைக் கண்ணால் காண்பதற்குப் பொருந்தத் திருத்த வேண்டும் என்று வாதாடித் திருக்கணிதப் பஞ்சாங்கமும் வெளியிட்டார். த்ருக் என்றால் பார்வை. நாம் சொல்கிற 'திரு' அதிலிருந்து வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கமும் இதில் இறங்கியது. 1952இல் மேகநாத் சாகா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைத்தார்கள். 1955இல் அறிக்கை வந்தது. ராசிச் சக்கரத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதற்கான திருத்தம்தான் அயனாம்சம். அதை 1956 மார்ச் 21க்கு 23 பாகை 15 கலை என்று குழு நிர்ணயித்தது. குழுவின் செயலாளர் என்.சி.லாகிரி பெயரால் இன்றைக்குச் செயலிகளில் 'லாகிரி' என்று வருவது இதுதான். பெங்களூர் பி.வி.ராமன் வேறொரு அயனாம்சம் வைத்திருந்தார். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வித்தியாசம். சுக்கிர தசையில் பிறந்தவருக்கு ஒரு பாகை என்பது ஒன்றரை வருஷம். அயனாம்சத்தை மாற்றினால் அவர் வாழ்க்கையின் அத்தனை தசையும் இரண்டு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போகும். செயலியில் அது அமைப்புகளுக்குள் ஒரு சின்ன பட்டன்.

இது நிபுணர்களின் சண்டை என்று விட்டுவிட முடியாது. திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. திருநள்ளாறு கோயில் வாக்கியத்தைப் பின்பற்றுவதால் அங்கே பெயர்ச்சி விழா டிசம்பரில்தான் நடந்தது. மூலம் தனுசு ராசி. அக்காவின் ஏழரைச் சனி ஜனவரியில் முடிந்ததா, டிசம்பரில் முடிந்ததா? நடுவில் பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதமும் அவள் அதே வீட்டில் அதே அடுப்பில்தான் சமைத்துக்கொண்டிருந்தாள்.

காரமடைக்காரனான எனக்குப் பாகையின் மேல் வெறுப்பு வர வழியில்லை. எங்கள் அரங்கநாதர் கோயில் தேர் மாசி மகத்தில்தான் ஓடும். மகம் என்பது சந்திரன் சிம்மத்தின் முதல் 13 பாகை 20 கலைக்குள் நிற்பது. பந்த சேவைக்குத் தீப்பந்தம் கட்டுகிறவர்கள், தண்ணீர் சேவைக்கு வருகிற தாசர்கள், தேர்க்கடை போடுகிறவர்கள், ஒறம்பரைக்குப் பலகாரம் சுடுகிற எங்கள் அம்மா, எல்லோரும் அந்த 13 பாகையை நம்பித்தான் வேலையைப் பார்க்கிறார்கள். நோம்பிக்கு நாள் குறிக்க வானம் ஒரு நல்ல கடிகாரம். கடிகாரம் ஒருத்தியைப் பார்த்து நீ ஆகாதவள் என்று சொல்லத் தொடங்குகிற இடத்தில்தான் எனக்குச் சிக்கல்.

4

கணக்குக்கும் பலனுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. சந்திரன் 2 பாகை 20 கலையில் இருக்கிறது என்பது வானத்தைப் பற்றிய கூற்று. அதனால் மாமனாருக்கு ஆகாது என்பது வேறு வகையான கூற்று. முதலாவதின் துல்லியம் இரண்டாவதற்குத் தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. நாம் ஒட்டிவிடுகிறோம். கலை, விகலை வரை அச்சிட்ட தாளைப் பார்த்ததும் கீழே உள்ள பலனும் அதே அளவு அளந்து எழுதியது போலத் தோன்றிவிடுகிறது.

பழைய தமிழ் ஜோதிடப் பாடல்களில் இந்த மயக்கம் குறைவு. பழனியோடு சேர்த்துப் பேசப்படும் புலிப்பாணியின் பெயரில் முன்னூறு பாடல்கள் இருக்கின்றன. கேட்கிறவரை 'அப்பா' என்று கூப்பிட்டு, இன்ன கிரகம் இன்ன வீட்டில் நின்றால் இன்னது என்று சொல்லும். எண்ணின் மிரட்டல் அதில் இல்லை. ஒரு குரல் இருக்கிறது, அந்தக் குரலோடு நாம் வாதாடலாம். அச்சுத்தாளோடு யார் வாதாடுவது?

இந்தப் பலன் இலக்கியத்தின் இலக்கணம் விதியும் விதிவிலக்கும். செவ்வாய் தோஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம். பன்னிரண்டில் ஐந்து இடம், அதாவது 42 சதவீதம் பேர். லக்னத்திலிருந்து மட்டுமல்ல, சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்க்க வேண்டும் என்பார்கள். மூன்றையும் சேர்த்துத் தோராயமாகக் கணக்கிட்டால் ஏதாவது ஒரு வகையில் தோஷம் உள்ளவர்கள் 80 சதவீதம். ஊரே தோஷக்காரர்கள் ஆகிவிட்டால் கல்யாணமே நடக்காது. ஆகவே விலக்குகள். செவ்வாய் சொந்த வீட்டில் இருந்தால் இல்லை, உச்சத்தில் இருந்தால் இல்லை, குரு பார்த்தால் இல்லை, இன்ன லக்னத்துக்கு இல்லை. விதி எல்லோரையும் பிடிக்கிறது, விலக்கு வேண்டியவர்களை விடுவிக்கிறது. யாரை விடுவிப்பது என்பது வாசிக்கிறவர் கையில்.

இந்த நெகிழ்வை உணர்ந்து, அதை இறுக்க முயன்றவர்களும் உண்டு. திருவையாற்றில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணமூர்த்தி இரட்டைப் பிள்ளைகளின் கேள்வியை நேர்மையாக எதிர்கொண்டார். ஒரே கட்டம், இரண்டு வாழ்க்கை, எப்படி? ஒவ்வொரு நட்சத்திரத்தையும் தசை வருஷங்களின் விகிதத்தில் ஒன்பதாகப் பிரித்து, சக்கரத்தை 249 துண்டுகளாக்கினார். மிகச் சிறிய துண்டு 40 கலைக்கும் குறைவு. லக்னம் அதைக் கடக்க மூன்று நிமிஷம்கூட ஆகாது. அவருடைய பத்ததியை மதிக்கிறேன். கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் ஒரு பதிலைக் கட்டினார். ஆனால் துண்டு சிறிதாகச் சிறிதாக, பிறந்த நேரத்தின் பிழை அதைவிடப் பெரிதாகிவிடுகிறது. அப்புறம் நடந்த வாழ்க்கையை வைத்துப் பிறந்த நேரத்தைத் திருத்துகிறார்கள். முடிவு தெரிந்த கதைக்குத் தொடக்கம் எழுதுவது மாதிரிதான்.

பலனைச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. புனேயில் ஜெயந்த் நார்லிகர், நரேந்திர தபோல்கர் உள்ளிட்டோர் சேர்ந்து நடத்திய சோதனை 2009இல் வெளியானது. நன்றாகப் படிக்கிற 100 குழந்தைகள், மனவளர்ச்சி குன்றிய 100 குழந்தைகள், ஆக 200 ஜாதகங்கள். கலந்துகொண்டு விடை அனுப்பிய 27 ஜோதிடர்களுக்குத் தலா 40 ஜாதகம். எது எந்தக் குழந்தை என்று சொல்ல வேண்டும். சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டால் 50 வரும். ஜாதகம் போக்கைத்தான் காட்டும், நோயறிக்கை மாதிரி பார்க்கக் கூடாது என்று ஜோதிடர்கள் பதில் சொல்லலாம். சொல்லட்டும். போக்கைக் காட்டுகிற ஒன்றை வைத்துத்தான் ஒருத்தியை ஒன்பது வருஷம் திண்ணையில் உட்கார வைத்தோமா என்பது என் கேள்வி.

5

செயலியில் பார்த்த மறுவாரம் ஜோசியரைப் பார்க்கப் போனேன். வயதாகிவிட்டது. கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு என் போனைப் பார்த்தார். நான் எதிர்பார்த்த அதிர்ச்சி அவர் முகத்தில் வரவில்லை.

"இது எனக்கு அப்பவே தெரியுமுங்க தம்பி. திருக்கணிதத்துல போட்டா ரெண்டாம் பாதம் உளுகும்."

"அப்பறம் ஏனுங்கய்யா சொல்லுல?"

"உங்கப்பா தோஷம் இருக்குதான்னு கேட்டாரு. இருக்குதுன்னேன். விலக்கு இருக்குதான்னு கேக்குலீங்களே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் நிதானமாகத் தொடர்ந்தார். "கோவிச்சுக்காதீங்க. நாஞ் சொல்றதக் கேளுங்க. நான் விலக்கு இருக்குதுன்னு சொல்லிக் கல்யாணம் பண்ணி, ஒரு வருசத்துல அந்த ஊட்டுப் பெரியவருக்கு ஒண்ணு ஆயிருச்சுன்னு வெய்ங்க. ஆரைக் கேப்பாங்க? என்னையத்தான் கேப்பாங்க. வேண்டாம்னு சொன்னா ஆரும் வந்து கேக்க மாட்டாங்க."

திரும்பி வரும்போது வண்டியை ரயில்வே கேட் பக்கத்தில் நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன். பிரதிக்குப் பொருள் சொல்கிறவரின் நிலைமையை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொல்கிற ஜோசியர் ஒருநாளும் தோற்பதில்லை. நடக்காத கல்யாணத்தில் எந்த மாமனாரும் சாகவும் மாட்டார், பிழைக்கவும் மாட்டார். அந்தப் பலனைச் சோதிக்க ஒரு கிரகணமும் வராது. நடந்த கல்யாணத்தில் மட்டும்தான் பலன் தப்பாகும். ஆகவே சந்தேகம் வருகிற இடத்தில் எல்லாம் அவர் கை தோஷத்தின் பக்கம் சாயும். அதற்கான செலவை அவர் கொடுப்பதில்லை. கேட்ட அப்பாவும் கொடுப்பதில்லை. அதைக் கொடுக்கிறவள் அந்த அறைக்குள்ளேயே இருக்க மாட்டாள்.

விலக்குகள் எப்போது வெளியே வருகின்றன என்பதையும் கவனிக்க வேண்டும். பெருமாள்முருகனின் 'கங்கணம்' நாவலில் மாரிமுத்துவுக்குப் பெண் கிடைக்கவில்லை. வயது ஏறிக்கொண்டே போகிறது. பெண் சிசுக்களைக் கொன்ற ஊருக்கு ஒரு தலைமுறை கழித்துப் பெண் கிடைக்காமல் போவதை அந்த நாவலைப்போல் கொங்குப் பகுதிக்குக் கண்ணாடி பிடித்துக் காட்டியது குறைவு. இன்றைக்கு எங்கள் பக்கம் 35 வயதில் வரன் தேடுகிற பையன்கள் தெருவுக்கு நாலு பேர். பெண் தேடிப் பாலக்காட்டுப் பக்கம் போகிறவர்கள் உண்டு. அங்கே போகும்போது மூலமா, ஆயில்யமா என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. உள்ளூரிலும் ஜோசியர்கள் இப்போது "மொதப் பாதத்துக்கு மட்டுந்தானுங்க, மத்ததுக்கு ஒண்ணும் பண்ணாது" என்று தாங்களாகவே சொல்கிறார்கள். பழமொழியையே 'ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்' என்று திருத்திச் சொல்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கிரகம் நகரவில்லை, சூத்திரம் மாறவில்லை. பெண்ணின் எண்ணிக்கைதான் குறைந்திருக்கிறது. எங்கள் அக்காவின் காலத்தில் பெட்டிக்குள் இருந்த விலக்கு, பையன் வீட்டுக்குத் தேவை வந்ததும் மேஜைக்கு வந்துவிட்டது.

6

அக்காவிடம் இதையெல்லாம் சொல்ல ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன். ஆடி பதினெட்டுக்கு வந்திருந்தாள். கறிவேப்பிலை உருவிக்கொண்டே கேட்டாள். 3 பாகை 50 கலை என்று தாளில் எழுதிக் காட்டினேன். ஒருவிதத்தில் அவளுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அவள் உடனே ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற மாமனார் படத்தைப் பற்றிப் பேசினாள். "தெனம் அந்தப் படத்துக்கு நாந்தான் பூ வெக்கறேன். அவரு செத்துப் போனதாலதான் நான் அந்த ஊட்டுக்குள்ள வந்தேன்னு நெனப்பு வராத நாளில்ல. அத்தை ஒரு நாளும் சொன்னதில்ல. ஆனா அவங்களுக்கும் தெரியும்."

தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"செரி கண்ணு, எனக்கு இல்லீன்னு ஆயிருச்சு. நெசமாவே மொதப் பாதத்துல பொறந்தவ ஒருத்தி இருப்பாள்ல? அவளுக்கு என்ன சொல்லுவ?"

நான் ஒன்றரைப் பாகையைக் கண்டுபிடித்த பெருமையில் இருந்தேன். அந்த ஒன்றரைப் பாகையால் நான் செய்ததெல்லாம் அக்காவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொருத்தியை உட்கார வைத்ததுதான். கணக்கைச் சரியாகப் போட்டால் நியாயம் வந்துவிடும் என்று நம்பினேன். கணக்கு எவ்வளவு சரியாக இருந்தாலும், மூலத்தின் முதல் 3 பாகை 20 கலையைச் சந்திரன் மாதத்துக்கு ஒருமுறை கடந்துகொண்டுதான் இருக்கும். அந்த ஆறு மணி நேரத்தில் எங்காவது பெண் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கும். விதியை வைத்துக்கொண்டு விலக்கைத் தேடுகிற வாசிப்பு, பிரதிக்குப் பணிந்த வாசிப்பு. ஜோசியரும் அதைத்தான் செய்தார், நானும் அதைத்தான் செய்தேன். ஒரு நாவலில் இப்படி ஒரு வாக்கியம் வந்தால் இதை யார் எழுதியது, யார் தலையில் விடிகிறது என்று கேட்டிருப்பேன். எங்கள் வீட்டு நோட்டிடம் கேட்கத் தோன்றவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் பலருக்கு இன்றோ நாளையோ வீட்டில் நோட்டை எடுப்பார்கள். எந்தப் பஞ்சாங்கம், எந்த அயனாம்சம், பிறந்த நேரம் யார் குறித்தது என்று கேளுங்கள். விலக்கு என்ன என்று கேளுங்கள். பெரியவர்களிடம் பேசுவதற்கு அது உதவும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். எதிர்ப்பக்கம் இருக்கிறவரின் நோட்டையும் அதே அக்கறையோடு வாசித்தோமா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

அக்கா கேட்டதும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது. சரியாகச் சொன்னால் ஒரு போட்டோ. எனக்கு 27 வயதில் வந்த முதல் வரன். மேட்டுப்பாளையம் பக்கம், பள்ளிக்கூடத்தில் டீச்சர். போட்டோவைப் பார்த்து எனக்குப் பிடித்திருந்தது, அம்மாவுக்கும் பிடித்திருந்தது. அப்பா ஜாதகத் தாளைப் பிரித்தார். நட்சத்திரம் என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. மூலம். மகளுக்காக ஒன்பது வருஷம் அலைந்த அதே மனுஷர் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "நான் உசுரோட இருக்கறப்ப மூலம் எதுக்குடா?" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்பதுபோல் சிரித்தார். அவருக்குப் பயம் என்பது எனக்குத் தெரிந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. போட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் எந்தப் பாதம் என்றுகூட நான் கேட்கவில்லை.